எந்த வருஷத்து விளைச்சல்?

ஈரச் சாக்கில் சுற்றிய எதையோ இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஞானமுத்து அண்ணன் எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார்.

1991. சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுவடை முடிந்திருந்த சமயம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. முன்கூட்டியே வந்து சேர்ந்த காணிக்கைகள் கூடம் முழுக்க நிறைந்திருந்தன. பூசணிக்காய், வாழைத்தார், ஒரு மூட்டை நெல், கால் கட்டிய கோழிகள். அதில் ஒரு கோழி கட்டை அவிழ்த்துக்கொண்டு என் புத்தக அலமாரிக்கு அடியில் புகுந்துவிட்டது. நான் தரையில் படுத்துக்கொண்டு துடைப்பக்கட்டையால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சபைக் குருவானவரின் மனைவி எந்தக் கோலத்தில் இருக்கக் கூடாதோ அந்தக் கோலத்தில்.

“ஐயரம்மா, அந்தக் கோழி கெடக்கட்டும். இத்தக் கொஞ்சம் வந்து பாருங்க” என்றார்.

சாக்கைப் பிரித்தார். பள்ளிக்கூட சிலேட்டு அளவுக்கு ஒரு வெள்ளைக் களிமண் பாளம். இன்னும் ஈரம் காயவில்லை. கிணற்று மண்ணின் குளிர்ந்த வாசனை அதிலிருந்து வந்தது. மேல் பக்கத்தை அவர் உள்ளங்கையால் மெல்லத் துடைத்தார்.

அதில் ஓர் இலை இருந்தது.

ஒரு சாண் நீளம். நடுவே மெல்லிய காம்பு. அதன் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலைகள், நெருக்கமாக, சீப்பின் பல் போல. வெள்ளை மண்ணில் காவி நிறத்தில் பதிந்திருந்தது. தென்னங்கீற்றை யாரோ கைக்கடக்கமாகச் செய்து வைத்ததுபோல இருந்தது. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு குட்டி இலையிலும் நரம்பு தெரிந்தது. ஓரத்தில் ஓரிடத்தில் ஒரு இலை மட்டும் லேசாக மடங்கியிருந்தது. காற்றில் மடங்கியதோ, விழும்போது மடங்கியதோ.

அந்த இலையின் குடும்பத்தை எனக்குத் தெரியும். முதுகலை படிக்கும்போது கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருக்கிறேன், தொடக் கூடாது என்று எழுதிவைத்த அட்டைக்குப் பின்னால். இப்போது அது என் அடுக்களை வாசலில், பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

“கெணத்துல வந்துது. இது இன்னா எலம்மா?” என்று கேட்டார்.

இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு செடியின் இலை என்றேன். ரொம்பப் பழையது என்றேன். எவ்வளவு பழையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு வாய், இரண்டு பாடம்

எங்கள் சபைகளில் குருவானவரை ஐயர் என்பார்கள். அவர் மனைவி ஐயரம்மா. ஆனால் நான் வாரத்தில் ஐந்து நாள் டீச்சர். பக்கத்துப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, வெள்ளிக்கிழமை வரை பரிணாமம். உயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக் கோடிக்கணக்கான வருஷங்களில் இன்றைய உருவத்துக்கு வந்தன என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் அதே கையால் வண்ணச் சாக்பீஸ் எடுத்து, ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்த கதையை வரைவேன். மூன்றாம் நாள் செடிகொடிகள்; ஆண்டவர் அவற்றைப் பார்த்து, நல்லது என்று சொன்ன நாள். அந்த மூன்றாம் நாளை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே வரைவேன், தாவரவியல்காரி அல்லவா.

பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியர் எனக்கு யோசனை சொன்னார். பரீட்சைக்கு வரும், படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுங்கள், ஏன் வம்பு என்றார். எனக்கு அப்படி வராது. ஒரு பாடத்தைத் தொட்டால் கடைசி வரி வரை நடத்தாமல் தூக்கம் பிடிக்காது.

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி, இரண்டையும் எப்படி அம்மா சேர்த்து நம்பினீர்கள் என்று கேட்டிருக்கிறார். சேர்த்தேன் என்று எப்போது சொன்னேன்? ஒரே வீட்டில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாத இரண்டு ஓர்ப்படிகள் போல அவை எனக்குள் இருந்தன. இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் வெளியே இருந்தவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. சபைச் செயலாளர் தங்கராஜ் அண்ணனின் மகள் என் வகுப்பில் படித்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் குரங்கைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறாள். அவர் நேரே என் கணவரிடம் வந்துவிட்டார். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவர். ஷிஃப்ட் முடித்து, சட்டையில் கிரீஸ் கறையோடு வந்து உட்கார்ந்தார்.

“ஸ்கூல்ல ஒண்ணு, கோயில்ல ஒண்ணுன்னு அதே டீச்சர் சொன்னா, பசங்க எத்த நம்பறது ஐயரே?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. உள்ளே தேநீர் போட்டுக்கொண்டே நானும் அதைக் கேட்டேன். என் கணவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர், யோசிக்கிறேன் என்றால் நிஜமாகவே யோசிப்பவர். அந்த யோசனை முடியாமலே மாதங்கள் போய்க்கொண்டிருந்தன.

ஞானமுத்து அண்ணனின் நேர்ச்சை

ஞானமுத்து அண்ணனுக்கு ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகிற வழியில் கொஞ்சம் நிலம். வானம் பார்த்த பூமி. ஏரியில் தண்ணீர் இருக்கிற வருஷம் நெல், இல்லாத வருஷம் வேர்க்கடலை, அதுவும் இல்லாத வருஷம் பெருமூச்சு. அந்த வருஷம் எப்படியாவது கிணறு வெட்டிவிடுவது என்று இறங்கியிருந்தார். அவர் தம்பி, நிலத்தை விற்றுவிட்டுக் குன்றத்தூரில் கடை போடலாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இந்தக் கிணற்றில் தண்ணீர் வராவிட்டால் விற்றுவிடுவது என்று இரண்டு பேருக்கும் பேச்சு.

கிணறு தோண்டும்போது அவர் ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். இந்தக் கிணறு முதலில் எதைக் கொடுக்கிறதோ அதை அறுப்பின் பண்டிகையன்று ஆண்டவரின் பீடத்தில் வைப்பேன் என்று. ஒரு குடம் தண்ணீரைத்தான் மனதில் நினைத்திருந்தார். புதுக் குடம்கூட வாங்கிவைத்துவிட்டாராம்.

செம்மண் போய் வெள்ளைக் களிமண் வந்தது. அடுக்கடுக்காக, தட்டினால் ஏடு ஏடாகப் பிரிகிற மண். அதற்குக் கீழேயும் அதே மண்தான். கடப்பாரை போட்டவர்கள் வல்லக்கோட்டைக்காரர்கள், தினமும் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்குவார்கள். ஒரு பாளம் பெயர்ந்து திரும்பியபோது அதில் இலையைப் பார்த்தவர்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள். மனிதர் கைபடாத அடிமண்ணுக்குள் யார் இதை எழுதிவைத்தது? மேலே ஏறி வந்துவிட்டார்கள்.

ஞானமுத்து அண்ணன் தன் நேர்ச்சையை அவர்களிடம் சொன்னார். கிணறு முதலில் கொடுத்தது இதுதான், இதை ஆண்டவருக்கு வைத்துவிடுகிறேன் என்றார். அவர்களுக்கும் அது சரியாகப் பட்டது. உங்கள் சாமி அதை வாங்கிக்கொண்டால் திங்கட்கிழமை இறங்குகிறோம், வேண்டாம் என்று திருப்பிவிட்டால் எங்களைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தச் செய்தியெல்லாம் அன்று மதியம் அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கவலை கூடியது. ஏனென்றால் காணிக்கையை வாங்குவதும் திருப்புவதும் சாமியின் கையில் இல்லை. கிரேஸ் அக்காவின் கையில் இருந்தது.

வாசலில் ஒரு நீதிமன்றம்

கிரேஸ் அக்கா எங்கள் மாதர் சங்கத் தலைவி. பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். அறுப்பின் பண்டிகையன்று காலையில் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு காணிக்கையும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

சட்டம் ஒன்றுதான். இந்த வருஷத்து விளைச்சல் மட்டுமே பீடத்துக்குப் போகலாம். முன்பு ஒரு முறை யாரோ பழைய நெல்லைக் கொண்டுவந்து வைத்து, ஆராதனை நடுவே அதிலிருந்து வண்டு கிளம்பிப் பீடத்துத் துணியில் ஊர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து இந்தச் சட்டம். நெல் வந்தால் கிரேஸ் அக்கா இரண்டு மணியை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்துக் கடிப்பார். அந்தச் சத்தத்திலேயே புதுசா பழசா என்று சொல்லிவிடுவார். ஒரு முறை என் கணவரின் அண்ணன் ஊரிலிருந்து கொண்டுவந்த நெல்லையே கடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள் ஐயா என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

அப்படிப்பட்ட வாசலுக்கு ஞானமுத்து அண்ணன் இந்த இலையைக் கொண்டுவரப் போகிறார். எந்த வருஷத்து விளைச்சல் என்று கேட்காமல் விட மாட்டார் கிரேஸ் அக்கா. பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

சாயங்காலம் என் கணவர் அந்தப் பாளத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இலையின் வயதைச் சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்புறம் நான் என் கவலையைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அந்த மனிதரின் நேர்ச்சை வாசலிலேயே நின்றுவிடும். உங்கள் சபை இரண்டாகும். சொல்லாவிட்டால் கோயில் வாசலில் நின்று நான் பொய் சொன்னதாகும்.

“ஒனக்குத் தெரிஞ்சத சொல்லு. தெரியாதத சொல்லாத. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று அவருக்கே தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

நடுவே ஒரு கார்

இங்கே கொஞ்சம் பாதை மாறுகிறேன். இப்போது அந்தப் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள். என் தங்கை மகன் ஒன்றில் வேலை பார்க்கிறான். போன மாதம் சாப்பிட வந்தவன் தன் லைனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். புது மாடல் காரின் அடிப்பாகத்தில் ஒரு சின்ன இரும்புப் பட்டை இருக்குமாம். எதையும் பிடித்துக்கொண்டிருக்காதாம். பழைய மாடலில் அதில் ஏதோ ஒரு பாகம் மாட்டியிருந்தார்கள், அந்தப் பாகம் போய்விட்டது, பட்டை மட்டும் ஒவ்வொரு மாடலிலும் தொடர்ந்து வருகிறது என்றான்.

நான் சோற்றுக் கரண்டியோடு நின்று சிரித்துவிட்டேன். நம் முதுகெலும்பின் அடியில் இருக்கும் வால் எலும்பும் அந்தக் கதைதான். பழைய மாடலை முழுக்கத் தூக்கி எறியாமல் அதிலேயே வெட்டி ஒட்டிப் புதியது வருகிறது. அந்த ஒரு பட்டையை வைத்து நான் அரை மணி நேரம் பாடம் நடத்திவிட்டேன், பாவம், பையன் சாம்பாரோடு நிறுத்திக்கொண்டு மோர்கூட வாங்காமல் எழுந்துவிட்டான்.

ஆனால் அவன் போன பிறகு நான் நினைத்துக்கொண்டது வேறு. காரில் அந்தப் பட்டையை முதலில் வைத்தவருக்கு ஒரு காரணம் இருந்தது, ஒரு வாடிக்கையாளரும் இருந்தார். ஞானமுத்து அண்ணன் கிணற்றில் கிடந்த இலைக்கு யார் இருந்தார்கள்? இந்தக் கேள்வி என்னுடையது இல்லை. அது வந்த இடத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

அந்த வருஷம் மே மாதம் முன்னாள் பிரதமர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட பிறகு எங்கள் பக்கத்து ஊரின் பெயர் உலகத்துக்கே தெரிந்துவிட்டிருந்தது. புதிய முகம் தென்பட்டால் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திப் பார்க்கிற காலம். அதனால் கோயிலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் வந்து நின்ற கிணறு வெட்டும் ஆட்களையும் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் உள்ளே வரவில்லை. திருப்பி அனுப்புகிறார்களா என்று பார்க்க வந்திருந்தார்கள்.

கோயில் தூண்களில் கரும்பும் வாழையும் கட்டியிருந்தது. புது நெல்லின் தூசி மூக்கை அரித்தது. ஜன்னல் கம்பிகளில் கட்டிய கோழிகள் தங்களுக்குள் வழக்குப் பேசிக்கொண்டிருந்தன.

வரிசையில் ஞானமுத்து அண்ணன் வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பின்னால் அவர் மனைவி. தாம்பாளத்தில் ஈரத் துணி விரித்து அதன்மேல் பாளம்.

கிரேஸ் அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எப்போதும் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்கிறவர், வரிசை தேங்கி நிற்கும்வரை நிமிரவே இல்லை. பிறகு கடமை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“எந்த வருஷத்துது?” என்றார்.

நேற்றுதான் எடுத்தோம் என்றார் ஞானமுத்து அண்ணன்.

“எடுத்தத கேக்கல. வெளஞ்சத கேக்கறேன்.”

வரிசை கலைந்து எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். தங்கராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஞானமுத்து அண்ணனின் முகத்தைப் பார்த்து அவருக்கு மனம் இளகிவிட்டது. இது ஜலப்பிரளயத்தில் மூழ்கின இலையாகத்தான் இருக்கும், வேதத்துக்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும், தாராளமாகப் பீடத்தில் வைக்கலாம் என்றார்.

கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. சிலர் ஸ்தோத்திரம் என்றார்கள். கிரேஸ் அக்காவின் முகம்கூடத் தெளிந்தது. ஒரு நிமிடம் நானும் ஆசைப்பட்டேன், அப்படியே விட்டுவிடலாம் என்று. யாருக்கு என்ன நஷ்டம்?

ஞானமுத்து அண்ணன் நகரவில்லை. தாம்பாளத்தோடு என் பக்கம் திரும்பினார்.

“ஐயரம்மா சொல்லட்டும். இல்லாதத சொல்லி வெச்சா அது நேந்துகினது ஆவாது” என்றார்.

உள்ளே பீடத்தின் அருகே வெள்ளை அங்கியில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

“பத்துப் பன்னிரண்டு கோடி வருஷம் இருக்கும் அக்கா” என்றேன்.

அதன்பின் நான் பேசியதை முழுதாக எழுத முடியாது. சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. இந்த இலை பச்சையாக இருந்தபோது நெல் கிடையாது, புல்லே கிடையாது என்றேன். பூக்கள் அப்போதுதான் உலகத்தில் எங்கேயோ தலைகாட்டத் தொடங்கியிருந்தன. மாடு இல்லை, ஆடு இல்லை. கடல் இந்தப் பக்கம் வரைக்கும் வந்து போய்க்கொண்டிருந்தது, கரையோரச் சேற்றில் இது விழுந்தது, மேலே வண்டல் வந்து மூடியது. அந்தக் காலத்துச் செடிகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின, சில வம்சங்கள் அற்றுப்போயின, சில தொடர்ந்தன, உள்ளே குவித்திருக்கிற நெல்லும் அப்படி மாறி மாறி வந்ததுதான். கோழியும் அப்படித்தான். நாமும் அப்படித்தான் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“அப்ப ஆறு நாளு?” என்றார் தங்கராஜ் அண்ணன். கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரியாத இடத்தில் நிற்கிறவர் கேட்பதுபோலக் கேட்டார்.

“எனக்குத் தெரியாதுண்ணே” என்றேன். தெரியாததைச் சொல்லாதே என்று வீட்டில் சொல்லியிருந்தாரே.

ஞானமுத்து அண்ணன் நாங்கள் பேசியதைக் கேட்டாரோ இல்லையோ, இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். மடங்கியிருந்த அந்தச் சின்ன இலையின் மேல் விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

“அப்ப மனுசங்களே இல்லியாம்மா?”

“இல்லை.”

“பாக்கறதுக்கு ஒர்த்தரும் இல்லாத காலத்துல, யாருக்கோசரம் இத்த இவ்ளோ நுணுக்கமா பண்ணாரு?”

பரீட்சைத் தாளில் யாராவது இப்படி ஒரு கேள்வி எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அறிவியலில் இதற்கு இடமில்லை. ஆனால் அத்தனை வருஷங்களையும் நான் எண்ணாகத்தான் படித்திருந்தேன், எண்ணாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவை வருஷங்களாகத் தெரிந்தன. மழை பெய்து, வெயிலடித்து, காற்று வீசி, யாரும் பார்க்காமல் துளிர்த்து உதிர்ந்த வருஷங்கள். அவற்றின் முன்னால் நாங்கள், எங்கள் கோயில், எங்கள் வழக்கு எல்லாமே அப்போதுதான் வந்து நின்ற விருந்தாளிகள் போல ஆகிவிட்டன. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கிரேஸ் அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தங்கராஜ் அண்ணன் பக்கம் திரும்பி, சற்றுமுன் அவர் காணிக்கையாக உள்ளே போயிருந்த தேங்காய்க் குலையைக் கையால் காட்டினார்.

“அந்த மரத்த நட்டது உங்க தாத்தா. நீ காய இந்த வருஷம்தான பறிச்ச? வாங்கிக்கினேன் இல்ல. இதுவும் வெளஞ்சது எப்பவோ, பறிச்சது இந்த வருஷம்.” நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து வழிவிட்டார். “உள்ள போ ஞானமுத்து.”

கிரேஸ் அக்கா ஒரு காணிக்கைக்காக எழுந்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வேப்பமரத்தடியில் நின்றவர்களுக்கு எங்கள் பேச்சு கேட்டிருக்காது. அவர் உள்ளே போனது தெரிந்தது. அது போதும் அவர்களுக்கு. சொன்னபடி திங்கட்கிழமை கிணற்றில் இறங்கினார்கள். ஐப்பசி மழைக்கு முன்பே தண்ணீர் வந்தது, கொஞ்சம் உவர்ப்பாக. ஞானமுத்து அண்ணன் நிலத்தை அப்போது விற்கவில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. தங்கராஜ் அண்ணன் அந்த வாரத்தோடு வேறு சபைக்குப் போய்விட்டார். அவர் மகள் மட்டும் என் வகுப்பில் தொடர்ந்து படித்தாள். மேலிடத்தில் என் கணவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள், அடுத்த வருஷம் எங்களுக்கு மாற்றல் வந்தது. அந்தப் பாளம் காயக் காய ஏடு ஏடாகப் பிரிந்து உதிர்ந்துபோனது. அதைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தும் முடியவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று காலையில் அது பீடத்தின் நடுவில், சிலுவைக்கு நேர் கீழே, ஈரம் மினுங்க இருந்தது.

அறுப்பின் பண்டிகையில் என் கணவர் காணிக்கைகளுக்காக ஜெபிப்பது மிக நீளம். சுரைக்காய்க்குத் தனியாக, முட்டைக்குத் தனியாக, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி நன்றி செலுத்துவார். பசி எடுத்த பிள்ளைகள் நெளிய ஆரம்பிப்பார்கள். அன்றும் அப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து இலையின் முன்னால் நின்றார்.

மூடிய கண்ணைத் திறந்து பார்த்தேன். அவரும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆண்டவரே, இதை யாருக்காகச் செய்தீர் என்று ஞானமுத்து கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை” என்றார். பிறகு, மெதுவாக, “நாங்கள் ஒருவரும் இல்லாதபோதே நீர் இதைப் பார்த்துவிட்டீர். பார்த்து, நல்லது என்றும் சொல்லிவிட்டீர். நாங்கள் இன்றைக்குத்தான் பார்க்கிறோம்” என்றார்.

அவ்வளவுதான் ஜெபம். அவர் அங்கேயே முழங்காலிட்டார். கோயில் முழுக்க ஒவ்வொருவராக முழங்காலிடுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஆமென் சொல்லக் குரல் வரவில்லை. பக்கத்தில் கிரேஸ் அக்கா சொன்னார், எனக்கும் சேர்த்து.